நடுநிசியில் நின்ற வண்டி

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் பாதை ஒரு பெரும் இறக்கம். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிக்கோவோ கடல்மட்டத்துக்குக் கீழே 250 மீட்டர் பள்ளத்தில் கிடக்கிறது. இடையே உள்ள தொலைவு 27 கிலோமீட்டர் அளவே. அதற்குள் ஆயிரம் மீட்டர் இறங்கியாக வேண்டும். மரமற்ற பாறைக் குன்றுகள், திடீர்த் திருப்பங்கள், ஒளிந்திருக்க வசதியான குகைகள். அவ்வழியில் உள்ள ஏற்றம் ஒன்றுக்கு விவிலியக் காலத்திலேயே செந்நிறத்தைக் குறிக்கும் பெயர் வழங்கிற்று. கள்வரால் அங்கே சிந்தப்பட்ட இரத்தத்தோடு அப்பெயரைப் புனித எரோணிமூஸ் தொடர்புபடுத்தி எழுதினார்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு ஆண்டவர் கூறிய உவமையை நாம் ஞானோபதேச வகுப்பு முதலே கேட்டு வருகிறோம். குரு, லேவியர், சமாரியர் ஆகிய மூவரையும் அறிவோம். சாலையை மட்டும் நாம் கவனிப்பதில்லை. மார்ட்டின் லூத்தர் கிங், தாம் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முந்திய இரவாகிய 1968 ஏப்ரல் 3ஆம் நாள் மெம்பிஸ் நகரில் ஆற்றிய கடைசி உரையில், தாமும் தம் மனைவியும் வாடகைக் கார் ஒன்றில் அச்சாலையில் சென்றதை நினைவுகூர்ந்தார். அதைக் கண்ணால் கண்ட பிறகே, அந்தக் குருவும் லேவியரும் ஏன் நிற்காமல் போயிருக்கக் கூடும் என்பது அவருக்கு விளங்கிற்றாம். அவர்கள் அஞ்சியிருக்கலாம்.

எங்கள் பங்கின் ஊடே செல்லும் சாலையில் குன்றும் இல்லை, குகையும் இல்லை. சிறிநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கரிசல் காட்டின் நடுவே அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல் செல்கிறது. நடுத்திட்டில் அரளி பூத்திருக்கும். பகலில் பார்த்தால் அழகான சாலைதான். இரவு பதினொரு மணிக்கு மேல் அது வேறொரு சாலை. சென்னைக்கும் பெங்களூருக்கும் விரையும் ஆம்னி பஸ்கள், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள், விடிவதற்குள் வீடு சேர எண்ணும் கார்கள், இவற்றுக்கு நடுவே ஆலை வேலை முடிந்து இருசக்கர வண்டிகளில் ஊர் திரும்பும் எங்கள் பிள்ளைகள். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரி ஒன்று எங்கே நிற்கிறது என்பது, அதன்மேல் மோதும் வரை தெரியாது. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே ஓட்டுநரின் கண்ணிமை தானாகவே மூடும். வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து செல்வோர் வெயிலுக்குப் பயந்து இரவிலேயே நடக்கின்றனர். அவர்கள் முதுகில் ஒளி திருப்பும் பட்டைத் துணி ஒன்றை ஒட்டி அனுப்புங்கள் என்று நான் ஆண்டுதோறும் கூவி வருகிறேன். காவித் துண்டு இருட்டில் கருப்பாகத்தான் தெரியும்.

மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்துக்கே: 64,105. நம் மாநிலத்தில் மாண்டவர் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் என்று கணக்கு வருகிறது. நடுத்தரமான ஒரு பங்கில் ஓராண்டு முழுவதும் நடக்கும் அடக்கங்களே அவ்வளவு இராது.

அப்படிப்பட்ட அடக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த இளைஞன். ஆலையின் வாயிற்பதிவில் அவன் வெளியேறிய நேரம் 11.50 என்றிருந்தது. அவன் விழுந்து கிடந்த இடம் அங்கிருந்து இருபது நிமிட ஓட்டம். அவனுக்காக 108க்கு முதல் அழைப்பு போன நேரம் 1.20. தொடையில் ஏற்பட்ட காயத்திலிருந்து இரத்தம் வடிந்தே உயிர் போயிற்று என்றும், தலையில் அடியே இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். தலைக்கவசம் அணிந்திருந்தான். ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு அவன் தாய் மேசைக்கருகே வந்து நின்றார். அழுது முடித்த கண்கள்.

“சாமி, அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை வண்டி போயிருக்கும்? ஒருத்தர் கண்ணுலயுமா என் பிள்ளை படல?”

கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அடுத்த வாரம் அதே கிழமையில், உபதேசியாரை அழைத்துக்கொண்டு அவ்விடத்துக்கு அருகிலுள்ள மேம்பாலத்தில் போய் நின்றேன். 12.10 முதல் 1.10 வரை, அவன் போன திசையில் மட்டும், ஒவ்வொரு வண்டியாக எண்ணினோம். உபதேசியார் நோட்டில் ஐந்தைந்தாகக் கோடு போட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை நான் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அந்த 312 வண்டிகளிலும் இருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் நம்பவில்லை. நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், பலர் அவனைக் கண்டிருக்கவே மாட்டார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் தாண்டுகிறது. கண்டவர்களுள் சிலர், முன்னே போனவர் எவரேனும் சொல்லியிருப்பார் என்று எண்ணியிருப்பார்கள். இவ்வெண்ணத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1968ஆம் ஆண்டில் டார்லி, லதானே என்னும் இரு அமெரிக்க உளநூலார் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் வலிப்பு வந்து துடிக்கும் குரலைத் தான் ஒருவனே கேட்பதாக எண்ணியவர்களில் நூற்றுக்கு 85 பேர் உடனே உதவிக்கு எழுந்தனர். வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியவர்களிலோ நூற்றுக்கு 31 பேரே எழுந்தனர். பார்ப்பவர் பெருகப் பெருக ஒவ்வொருவருடைய பங்கும் சுருங்கிவிடுகிறது.

அதே டார்லி, பேட்சன் என்பவரோடு சேர்ந்து 1973இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வை, குருமடத்தில் எங்களுக்கு உளவியல் கற்பித்த தந்தை ஒரு குறும்புச் சிரிப்போடு எடுத்துரைப்பார். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் நாற்பது பேர். எல்லாரும் போதகராகப் போகிறவர்கள். அடுத்த கட்டிடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. சிலருக்குக் கொடுத்த தலைப்பு குருமாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளைப் பற்றியது. சிலருக்குக் கொடுத்ததோ நல்ல சமாரியர் உவமையே. போகும் சந்தில் ஒரு மனிதர் வாசற்படியில் சாய்ந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்து வைத்த ஆள். மாணவரில் சிலரிடம், “நேரமாகிவிட்டது, ஓடுங்கள்” என்ற பொருள்படச் சொல்லி அனுப்பினர். சிலரிடம் நேரம் சரியாக இருக்கிறது என்றனர். மற்றவரிடம் இன்னும் சில நிமிடம் இருக்கிறது என்றனர். நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். நடுவில் இருந்தோரில் 45 பேர். அவசரப்படுத்தப்பட்டவர்களிலோ நூற்றுக்கு 10 பேர் மட்டுமே. கையில் இருந்த தலைப்பு சமாரியர் உவமையாக இருந்தும் அதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. அவ்வுவமையைப் பற்றிப் பேசப் போகும் அவசரத்தில், முனகிக் கிடந்தவரைத் தாண்டிக் குதித்துச் சென்றவர்களும் உண்டாம்.

நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்ததும் தந்தை, அடுத்த மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். குருமாணவர் நாற்பது பேரில் உதவியவர் பதினாறு பேர் என்பது நம்மைப் போன்றோர் நெடுநேரம் சிந்திக்க வேண்டிய கணக்கு.

ஆயினும் நம் நாட்டில் வண்டியை நிறுத்தாமைக்கு எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் அவசரமன்று, அச்சம். போலீஸ் கேள்வி கேட்கும், மோதியவன் நீதான் என்பார்கள், மருத்துவமனையில் பணம் கட்டச் சொல்வார்கள், பத்தாண்டு நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். 2013இல் சேவ்லைஃப் அறக்கட்டளை நடத்திய ஆய்வில், விபத்தில் கிடப்பவருக்கு உதவ முன்வரமாட்டோம் என்ற நிலையில் இருந்தவர் ஏறத்தாழ நான்கில் மூவர். இவ்வச்சம் வீண் அச்சமாகத் தோன்றியதன்று. ஒரு காலத்தில் அவ்வாறே நடந்தது. என் உறவினர் ஒருவர், முன்பின் அறியாத முதியவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் விடியும் வரை உட்கார்த்தி வைக்கப்பட்டார். முன்பணம் கட்டிய பிறகே வண்டிச் சாவி திரும்பக் கிடைத்தது. இது நடந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.

சட்டம் மாறி வந்த கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதியது. அருகிலிருந்த மருத்துவமனை, இது போலீஸ் வழக்கு, இத்தகைய வழக்குகளுக்கு உரிமம் பெற்ற மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று கைவிரித்தது. வழியிலேயே அவர் இறந்தார். செய்தித்தாளில் இதைப் படித்த பரமானந்த கட்டாரா என்பவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும், உயிரைக் காப்பதே முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது. மருத்துவருக்குக் கடமை பிறந்தது. தூக்கிவந்தவருக்குப் பாதுகாப்பு இன்னும் பிறக்கவில்லை.

2007இல் தில்லியில் பள்ளி மாணவன் ஒருவன் வாகனம் மோதிச் சாலையில் கிடந்தான். பலர் பார்த்தனர், எவரும் தூக்கவில்லை. அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி என்னும் இளைஞர், மறு ஆண்டு சேவ்லைஃப் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2012இல் அவ்வமைப்பு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2015 மே மாதத்தில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவற்றுக்குச் சட்டத்தின் வலிமையைத் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134-அ என்னும் புதிய பிரிவு சேர்ந்தது. அதன் தலைப்பிலேயே நற்சமாரியர் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறார்கள். சட்ட வரைவாளர்கள் அமர்ந்து, இந்தியப் பாராளுமன்றத்தின் சட்டத்துக்கு எரிக்கோ சாலையின் வழிப்போக்கனைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

அப்பிரிவின் சாரம் இது. கைம்மாறு கருதாமல் நல்லெண்ணத்தோடு விபத்தில் சிக்கியவருக்கு உடனடி உதவி செய்தவர்மேல், அவ்வுதவியின்போது நேர்ந்த தவறுதலால் அடிபட்டவருக்குத் தீங்கோ சாவோ ஏற்பட்டாலும், உரிமையியல் வழக்கோ குற்றவழக்கோ தொடர இயலாது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் மேலும் தெளிவானவை. பெயர், முகவரி கேட்டு எவரும் வற்புறுத்தலாகாது. மருத்துவமனையில் சேர்த்த பின் அவர் போய்விடலாம். தடுத்து நிறுத்த முடியாது. தாமே விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால் மட்டும் விசாரிக்கலாம். அதுவும் அவருக்கு வசதியான நேரத்தில், அவர் வீட்டிலோ தொழில் செய்யும் இடத்திலோ, அதிகாரி சீருடை இல்லாமல் வந்து விசாரிக்க வேண்டும். இவ்வுரிமைகளை மருத்துவமனை வாயிலில் மக்களின் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் விதியே. அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது அப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால் மேலாளரிடம் அன்போடு கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், சிலர் பலகையைக் காட்டினார்கள், சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பணக்கவலையும் முன்போல் இல்லை. தமிழக அரசு 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, தமிழகத்தின் எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் எந்த நாட்டவராயினும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் என வரம்பு வைத்தார்கள். 2025இல் மத்திய அரசும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு ஏழு நாள்வரை பணமின்றி வழிசெய்தது. உயிர்காத்தவருக்கு வெகுமதியும் உண்டு: 2021இல் 5,000 ரூபாய், 2025இல் அது 25,000 ஆயிற்று. அந்தச் சமாரியர் சத்திரக்காரனிடம் தம் மடியிலிருந்து இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். இன்று அந்த இரண்டு தெனாரியத்தையும் அரசு கொடுத்துவிடுகிறது. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுப்போட வேண்டியவர் மட்டும் இன்னும் வழிப்போக்கராகிய நாமே.

மோதிய ஓட்டுநரைப் பற்றியும் ஒரு சொல். அவன் ஓடிவிட்டான் என்று எளிதில் ஏசிவிடுகிறோம். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது அவனுடைய கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது: கூட்டத்தின் வெறிச்சினத்தால் அது இயலாமற்போனாலன்றி என்று. கூட்டத்தின் சினத்தைச் சட்டப் புத்தகமே ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நம் நடத்தை இருந்திருக்கிறது. எங்கள் பங்கில் லாரி ஓட்டுநர்கள் நாற்பது குடும்பத்துக்கு மேல் இருக்கிறார்கள். “நிக்கணும்னுதான் தோணும் சாமி. நின்னா உசுரோட விடமாட்டாங்களே” என்று அவர்களுள் ஒருவர் சொன்னார். விபத்து நடந்த இடத்துக்கு ஓடிவருகிறவர்கள் முதலில் ஓட்டுநரின் சட்டையைப் பிடிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கீழே கிடப்பவரின் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கிறது. லாரியில் முதலுதவிப் பெட்டியும் இருக்கும், கயிறும் இருக்கும், விளக்கும் இருக்கும், வலுவான இரண்டு கைகளும் இருக்கும். எல்லாம் இருளில் ஓடிவிடுகின்றன.

2022 டிசம்பர் 30ஆம் நாள் விடியுமுன், தில்லியிலிருந்து ரூர்க்கி செல்லும் சாலையில் கார் ஒன்று நடுத்திட்டில் மோதித் தீப்பற்றியது. எதிர்த்திசையில் வந்த அரியானா அரசுப் பேருந்தின் ஓட்டுநர் சுஷீல் குமாரும், நடத்துநர் பரம்ஜீத்தும் பேருந்தை நிறுத்திவிட்டு ஓடினர். அடிபட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவந்து, போர்வையால் மூடி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அவர் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த். ஓட்டுநருக்குக் கிரிக்கெட் தெரியாது. பெயரைக் கேட்டும் ஆள் இன்னார் என்று புரியவில்லை. 2024இல் பந்த் மறுபடி ஆடுகளம் புகுந்ததை நம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.

அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன், 1997 ஆகஸ்டு 31ஆம் நாள் நள்ளிரவு தாண்டிய வேளையில், பாரிஸ் நகரில் அல்மா சுரங்கப்பாதைக்குள் ஒரு கார் தூணில் மோதிச் சிதைந்தது. விருந்தொன்றை முடித்து எதிர்த்திசையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பிரெடெரிக் மையே என்னும் மருத்துவர் தம் காரை நிறுத்தினார். இருவர் இறந்திருந்தனர், இருவர் உயிரோடிருந்தனர். அவசர உதவிக்குச் சொல்லிவிட்டு, காரில் இருந்த மூச்சுக் கருவியால் பின்னிருக்கையில் கிடந்த பெண்மணிக்கு மூச்சுவிட உதவினார். அவர் டயானா என்பது மருத்துவருக்கு மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. அச்சுரங்கத்தில் புகைப்படக்காரர்களும் இருந்தார்கள். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் இருப்பதே பிரான்சில் தண்டனைக்குரிய குற்றம். எனவே அவர்கள்மீது அக்குற்றத்துக்கும் விசாரணை நடந்தது. 1999இல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. உதவுகிறவரைக் காக்கிறது, உதவாத வழிப்போக்கரைத் தண்டிப்பதில்லை. எனக்கு இதுவே சரியென்று படுகிறது. தண்டனைக்கு அஞ்சி நிற்கும் வண்டிகளைவிட, தண்டனைக்கு அஞ்சி வேறு வழியாய்ப் போகும் வண்டிகளே மிகுதியாகும். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3ஆம் நாள் கையொப்பமிட்ட ‘ஃப்ரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் இவ்வுவமையின் விளக்கமே. அதைக் குடும்ப செபத்தில் சிறிது சிறிதாக வாசிக்கலாம்.

இனி, நின்றபின் என்ன செய்வது? நல்ல மனத்தோடு நின்று, அறியாமையால் கேடு செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடிபட்டவரை நால்வர் நான்கு பக்கம் இழுத்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பார்கள்; கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு மடக்கில் கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலிழந்துபோகும். ஆதலால் முதலில் உங்கள் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஓரத்தில் இறக்கி, நான்கு விளக்கும் மினுக்கும்படி செய்யுங்கள். இருட்டில் உதவப்போனவர்மேல் அடுத்த வண்டி ஏறிய செய்திகள் எத்தனையோ. ஒருவர் நூறு மீட்டர் பின்னே போய், சாலையோரத்தில் நின்று டார்ச் விளக்கை ஆட்டட்டும். மோதிய வண்டியின் சாவியைத் திருப்பி இயக்கத்தை நிறுத்துங்கள். பிறகு 108. ‘மதுரை ரோட்டில்’ என்றால் அவர்கள் எங்கே தேடுவார்கள்? அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். நடுத்திட்டு இருப்பதால் பக்கம் மாறினால் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்னும் எண்ணும் உண்டு. எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காருக்குள் இருப்பவரை மட்டும் பார்த்துவிட்டு, தூக்கியெறியப்பட்டு முள்ளுக்குள் கிடந்த குழந்தையை மறந்துபோவது நடக்கக் கூடியதே.

தீயோ வெள்ளமோ இல்லாவிடில் வண்டிக்குள் இருப்பவரை இழுக்காதீர்கள். இரத்தம் பீறிடும் இடத்தில் மடித்த துணியை வைத்து இரு கைகளாலும் அழுத்துங்கள். பார்க்கும் ஆவலில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்; நனைந்தால் அதன்மேலேயே மற்றொரு துணி. குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்கலாகாது. நினைவிழந்தும் மூச்சு இருந்தால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்குமாறு, இயன்றால் இருவர் மூவராய்ப் பிடித்து, ஒருபக்கமாகத் திருப்புங்கள். வாந்தியும் இரத்தமும் தொண்டையை அடைக்காது. மூச்சே இல்லையென்றால் மார்பின் நடுவே நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்த வேண்டும்; இதைக் கையால் செய்து பழகியவரிடம் கற்றுக்கொள்வதே நன்று. தலைக்கவசத்தை, மூச்சுக்குத் தடையாக இருந்தாலன்றிக் கழற்றாதீர்கள். நம்மூர் வழக்கப்படி யாரேனும் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வருவார். தயவுசெய்து அதை அவரையே குடிக்கச் சொல்லுங்கள். அடிபட்டவருக்குப் புரையேறும், அறுவை மருத்துவத்துக்காக மயக்க மருந்து தரும்போதும் வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சை அடைக்கும். போர்த்துங்கள். பெயரைக் கேட்டுப் பேசிக்கொண்டே இருங்கள். விபத்தை அடுத்த முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே ‘பொன்னான நேரம்’ என வரையறுத்திருக்கிறது.

குருவாகிய என்னிடம் சிலர், அப்போது அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நோயாளருக்கான எண்ணெய் எப்போதும் என் பையில் இருக்கிறது. இரத்தம் வடியும்போது முதலில் துணி. கை ஓய்ந்தபின் எண்ணெய்.

எல்லாரும் எல்லா நேரத்திலும் இறங்கியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விபத்தைப்போல் நடித்துக் கொள்ளையடிப்போரும் இருக்கிறார்கள். பெண்கள் தனியே வருகையில், குழந்தைகளோடு வருகையில், ஆளரவமற்ற இடமாயின், கதவைத் திறக்காமலே சற்றுத் தள்ளிப்போய் நின்று 108க்குச் சொல்லுங்கள். அடுத்த சுங்கச்சாவடியில் சொல்லுங்கள். 312 வண்டிகளில் ஒரு வண்டியிலிருந்து ஓர் அழைப்பு போயிருந்தால் போதுமாயிருந்தது. எண்ணெய் லாரி கவிழ்ந்திருந்தால் அருகே செல்லவே வேண்டாம். 2017 ஜூன் 25இல் பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே கவிழ்ந்த பெட்ரோல் லாரியிலிருந்து ஒழுகியதைக் குடங்களில் பிடிக்கக் கூடிய மக்களில் இருநூறு பேருக்கு மேல் எரிந்து மாண்டனர். செல்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறவரை மட்டும், ஒரு விளக்காவது பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் வெட்கப்பட்டு உதவுகிறார்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் பங்கில் இளைஞர் மன்றத்தார் பன்னிரண்டு பேர் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி பெற்றார்கள். கோவில் திருப்பண்ட அறையின் மர அலமாரியில் கீழ்த்தட்டு இப்போது அவர்களுடையது. இரண்டு டார்ச், கையுறைகள், கத்தரிக்கோல், ஒளிரும் சட்டைகள், துவைத்து மடித்த பழைய வேட்டிகள். அலமாரிச் சாவிகளில் ஒன்று, மேம்பாலத்துக்குக் கீழே இரவுத் தேநீர்க் கடை வைத்திருக்கும் தம்பியிடம் இருக்கிறது.

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, ஒன்றரை மணிக்கு, வெளிமாநிலக் கார் ஒன்று நின்ற லாரியின் பின்னே மோதிற்று. நான்கு பேர். தேநீர்க் கடைத் தம்பியும் லாரி ஓட்டுநர் இருவரும் ஓடினார்கள். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் வந்தார்கள். லாரிக்காரரை எவரும் தொடவில்லை. அவரே டார்ச் பிடித்துப் பின்னே நின்றார். ஆம்புலன்ஸ் வர 18 நிமிடம் ஆயிற்று. அதுவரை ஒரு பெண்மணியின் காலைத் தம்பி இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தான். மூவர் பிழைத்தார்கள், முதியவர் ஒருவர் பிழைக்கவில்லை.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டே கேட்டார்களாம். “சொல்லுதேன் சார், நடந்ததைப் பார்த்தது நான்தான்” என்றான். உதவி ஆய்வாளர் இரண்டு நாள் கழித்து, மாலை நேரத்தில், கட்டம் போட்ட சட்டையும் சாதாரணக் கால்சட்டையுமாகக் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, வாடிக்கையாளர் போனபிறகு கேட்பதைக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு தேநீர் குடித்தார். தம்பி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், இரண்டுக்கும் காசு வைத்துவிட்டுப் போனார்.